ஹெலிகாப்டர் டேக்-ஆஃப்: இன்ஜின் நின்றால் என்ன செய்வது என்று முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்

ஹெலிகாப்டர் என்றால் நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக மேலே போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தேர்தல் நேரத்தில் மைதானங்களில் பார்த்ததும் அப்படித்தான், சினிமாவில் பார்த்ததும் அப்படித்தான். பயிற்சிக்குப் போனால் வேறு கதை. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி தூக்கி அந்தரத்தில் நிறுத்தச் சொல்வார்கள். அப்புறம் மேலே ஏற விடமாட்டார்கள். கிட்டத்தட்ட அதே உயரத்தில் முன்னே ஓட்டு, வேகம் வரட்டும், பிறகு ஏறலாம் என்பார்கள். மேலே போக சக்தி இருக்கும்போது எதற்காகப் புல்லை உரசிக்கொண்டு ஓட வேண்டும்?

இன்ஜின் எந்த நொடியிலும் நிற்கலாம் என்பதற்காகத்தான். ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டரில் டேக்-ஆஃப் பாதை அதை மனதில் வைத்தே வகுக்கப்பட்டிருக்கிறது. பாதையின் ஒவ்வொரு கட்டத்திலும் இன்ஜின் நின்றால் கை செய்ய வேண்டிய வேலை வேறு. ஒரு கட்டத்தில் காப்பாற்றுகிற அசைவு இன்னொரு கட்டத்தில் உங்களைத் தரையில் மோதவிடும். இது புரிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகக் குறையும்.

எண்கள் சொல்ல ஓர் எந்திரம் வேண்டும். ராபின்சன் ஆர்22-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1979-இல் சான்றிதழ் பெற்ற இரண்டு இருக்கை, பிஸ்டன் இன்ஜின் ஹெலிகாப்டர். உலகின் பல நாடுகளில் மாணவர்கள் முதலில் ஏறுவது இதில்தான். தலைக்கு மேலே இறக்கைகளோடு சுற்றும் ரோட்டர் மிக இலகுவானது என்பதால் தாமதத்தை மன்னிக்காது. கீழே வரும் எண்கள் ஆர்22-க்கு மட்டுமே. நீங்கள் ஓட்டும் எந்திரத்துக்கு அதன் கையேடு சொல்வதுதான் சட்டம். இதில் எதையும் பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் செய்து பார்க்காதீர்கள்.

இன்ஜின் நின்றால் கல் மாதிரி விழாதா?

விழாது, கை சரியாக வேலை செய்தால். இன்ஜினுக்கும் ரோட்டருக்கும் நடுவில் ஃப்ரீவீல் என்று ஒரு பாகம் இருக்கிறது. மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிளின் பின்சக்கரம் ஓடிக்கொண்டிருப்பதுபோல, இன்ஜின் நின்றாலும் ரோட்டர் அதிலிருந்து விடுபட்டுச் சுற்றும். ஆனால் அந்தச் சுற்று நீடிக்காது. இறக்கைகள் அதிகக் கோணத்தில் காற்றைக் கடித்துக்கொண்டிருந்தால் ரோட்டரின் வேகம் சில கணங்களில் கரைந்துவிடும்.

அதனால் இடது கையில் இருக்கும் கலெக்டிவைக் கீழே இறக்குகிறோம். இறக்கைகளின் கோணம் குறைகிறது, எந்திரம் இறங்கத் தொடங்குகிறது. இதுவரை மேலிருந்து கீழே ரோட்டர் வழியாகப் போன காற்று இப்போது கீழிருந்து மேலே வருகிறது. இறக்கையின் நடுப்பகுதி அந்தக் காற்றிலிருந்து சுற்றும் விசையை எடுக்கிறது, நுனிப்பகுதி அதைச் செலவழிக்கிறது, இரண்டும் சமமாகும்போது ரோட்டர் ஒரே வேகத்தில் நிற்கிறது. இதுதான் ஆட்டோரொட்டேஷன்.

ஸ்பெயின் நாட்டு ஹுவான் டி லா சியர்வா 1923 ஜனவரியில் பறக்கவிட்ட ஆட்டோஜைரோ (முன்னால் புரொப்பெல்லர் இழுக்க, மேலே ரோட்டர் தூக்கும் விமானம்) முழுக்க முழுக்க இதே தத்துவத்தில் இயங்கியது. அதன் ரோட்டர் பறக்கும்போது இன்ஜினோடு இணைக்கப்படவே இல்லை. வேகம் குறைந்தாலும் விழாத விமானம் வேண்டும் என்று பாடுபட்ட அந்த மனிதர், 1936 டிசம்பரில் லண்டன் குராய்டனில் ஒரு சாதாரணப் பயணிகள் விமானம் டேக்-ஆஃபில் நொறுங்கியபோது அதில் பயணியாக இருந்து இறந்தார்.

ஆட்டோரொட்டேஷனில் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்க முடியும்? 1972 ஜூன் 21 அன்று ஜான் பூலே என்ற பிரெஞ்சு விமானி லாமா ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் ஏறி உலக சாதனை படைத்தார். உச்சியில் இன்ஜின் அணைந்துபோனது. அங்கிருந்து தரைவரை ஆட்டோரொட்டேஷனிலேயே வந்து இறங்கினார். நம் ராணுவம் சியாச்சினில் ஓட்டும் சீட்டா அதே லாமாதான், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் (எச்ஏஎல்) உரிமம் பெற்றுக் கட்டியது.

உயரம் இருந்தால் நேரம் இருக்கிறது. முன்னே போகும் வேகம் இருந்தால் அதைக் கடைசியில் தூக்குவிசையாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டுமே இல்லாவிட்டால் ரோட்டரில் மிச்சமிருக்கும் சுற்று மட்டும்தான் சொத்து. டேக்-ஆஃபின் முதல் சில நொடிகளில் உங்கள் நிலைமை அதுதான்.

வரைபடத்தைப் பாருங்கள்

ஆர்22 கையேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தில் உயரம்–வேகம் வரைபடம் ஒன்று உண்டு. விமானிகள் 'டெட் மேன்ஸ் கர்வ்' என்பார்கள். நிற்கும் அச்சில் தரையிலிருந்து உயரம், படுத்த அச்சில் காற்று வேகம். இடதுபக்கம் பெரிய நிழல் பகுதி: வேகம் கிட்டத்தட்ட இல்லாமல், சில அடியிலிருந்து சில நூறு அடிவரை உயரத்தில் இருப்பது. அங்கே இன்ஜின் நின்றால் கலெக்டிவை இறக்கி வேகம் சேர்த்துக்கொள்ள உயரம் போதாது. அப்படியே விழுந்தால் தாங்கவும் முடியாது. வலதுபக்கம் அடியில் ஒல்லியான இன்னொரு நிழல்: தரையை ஒட்டி மிக வேகமாகப் பறப்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து போகிறது. கீழே தொடங்கி, வலது பக்கம் ஓடி, பிறகு மேலே வளையும் சந்து. நல்ல டேக்-ஆஃப் என்பது அந்தச் சந்துக்குள் போவதுதான்.

சிறிய ஹெலிகாப்டர்களில் இந்த நிழலுக்குள் நுழைவது தடை அல்ல. வரைபடம் ஒரு தகவல். அதனால் பலர் அதை அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். என் கருத்து: எல்லைக் கோட்டை இன்னும் கொஞ்சம் தடிமனாக மனதில் வரைந்துகொள்ளுங்கள். அதை வரைந்தவர்கள் இன்ஜின் நிற்கப்போகிறது என்று தெரிந்து தயாராக இருந்த சோதனை விமானிகள். இறங்கியது சமமான, கெட்டியான தரையில். உங்களுக்கு அந்த இரண்டும் கிடைக்காது.

தரையிலேயே முடிக்க வேண்டிய வேலை

காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். காற்றை எதிர்த்துக் கிளம்பினால் நிழலைவிட்டு வெளியேறும் வேகம் சீக்கிரம் வரும். இன்ஜின் நின்றாலும் தரையைத் தொடும் வேகம் குறைவாக இருக்கும்.

அடுத்தது எடையும் வெப்பமும். பெங்களூரு ஜக்கூர் விமானதளம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. அங்கே வெப்பம் 35 டிகிரி தொட்ட மதியத்தில் எந்திரம் ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும், ரோட்டருக்கும் பிடி குறையும். காலையில் இரண்டு பேரோடு சுலபமாக எழும்பிய எந்திரம் மதியம் முனகும்.

பெட்ரோல் டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் கார்புரேட்டர் பனி. வெளியே வியர்க்கிறதே, பனி எங்கிருந்து வரும் என்று புதியவர்கள் சிரிப்பார்கள். கார்புரேட்டருக்குள் காற்று விரிவடைந்து பெட்ரோலும் ஆவியாகும்போது வெப்பநிலை சடாரென்று இறங்கும். ஈரக்காற்று அங்கே பனியாக ஒட்டும். ஆர்22-இல் இது இன்னும் தந்திரமாக வரும். ஆர்பிஎம்மை, அதாவது சுற்று வேகத்தை, சரியாக வைத்திருக்கும் கவர்னர் என்ற கருவி, பனியால் குறைந்த சக்தியை ஈடுகட்டத் தானே த்ராட்டிலைத் திறந்துகொண்டே போகும். உங்களுக்கு எதுவும் தெரியாது, த்ராட்டில் முழுதாகத் திறந்து முடியும்வரை. கார்புரேட்டர் வெப்பமானியின் முள் மஞ்சள் பகுதிக்குள் இருக்கக்கூடாது. இருந்தால் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் பிடி) இழுங்கள்.

கடைசியாக, வாய்விட்டு ஒரு முறை சொல்லுங்கள்: அந்தரத்தில் நிற்கும்போது இன்ஜின் நின்றால் இப்படி, ஓடும்போது நின்றால் நேராக அந்தப் புல்வெளி, ஏறும்போது நின்றால் சாலைக்கு இடதுபுற வயல். வெட்கப்பட வேண்டாம், அனுபவசாலிகளும் சொல்கிறார்கள்.

எழும்பி நிற்பது

கலெக்டிவை மிக மெதுவாக ஏற்றுங்கள். ஸ்கிட் (சக்கரத்துக்குப் பதில் எந்திரத்தின் அடியில் இருக்கும் சறுக்குக் கால்) இலகுவாகும் ஒரு கணம் வரும். அங்கே நிறுத்தி, எந்திரம் எந்தப் பக்கம் நழுவப் பார்க்கிறது என்று கவனித்து, வலது கையில் இருக்கும் சைக்ளிக்கையும் (எந்திரத்தை முன்னே, பின்னே, பக்கவாட்டில் சாய்க்கும் தண்டு) மூக்கைத் திருப்பும் கால் பெடலையும் சரிசெய்யுங்கள். ஆர்22-இன் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. சக்தி கூடக்கூட மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும், அதை இடது பெடலால் பிடிக்க வேண்டும். (சேத்தக், சீட்டா போன்ற பிரெஞ்சு வம்சத்து எந்திரங்களில் எல்லாமே தலைகீழ்.)

ஒரு ஸ்கிட் சேற்றிலோ புல்லிலோ சிக்கியிருக்க நீங்கள் கலெக்டிவை இழுத்தால், எந்திரம் அந்த ஸ்கிட்டை அச்சாக வைத்துப் புரண்டுவிடும். பக்கவாட்டில் சாயத் தொடங்கியதும் சைக்ளிக்கால் சமாளிக்கப் பார்க்காமல் கலெக்டிவைச் சீராக இறக்கிவிடுங்கள். தரை பக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டு மூன்று அடியில் நின்றதும் அளவிகளை ஒரு பார்வை. மேனிஃபோல்ட் பிரஷர் (இன்ஜின் எவ்வளவு சக்தி தருகிறது என்று காட்டும் அளவு) அனுமதித்த எல்லைக்கு எவ்வளவு கீழே இருக்கிறது? மிச்சம் அதிகம் இல்லையென்றால் முன்னே போகாதீர்கள். இறங்கி எடையைக் குறையுங்கள்.

இந்த நிலையில் இன்ஜின் நின்றால்? எட்டு அடிக்குக் கீழே ஆர்22 கையேடு சொல்வது: மூக்கு திரும்புவதை வலது பெடலால் தடு, எந்திரம் தானாக இறங்கட்டும், தரையைத் தொடுவதற்குச் சற்று முன் கலெக்டிவை உயர்த்தி மெத்தென்று அமர்த்து. அவ்வளவுதான். கலெக்டிவை இறக்கு என்ற பேச்சே இல்லை. "இன்ஜின் நின்றால் உடனே கலெக்டிவ் கீழே" என்று மனதில் ஏற்றிக்கொண்டு வருபவர்கள் இங்கேதான் தவறுவார்கள். மூன்று அடியில் கலெக்டிவை அழுத்தினால் ரோட்டரில் சேமித்து வைத்திருக்கும் சுற்றைப் பயன்படுத்தும் முன்பே தரை வந்து இடிக்கும். பெடல்தான் முதலில். இடது பெடலை அழுத்திப் பிடித்திருந்த கால், எதிர்த்து நின்ற விசை சட்டென்று மறைந்ததும் மூக்கை இடப்பக்கம் வீசிவிடும். திரும்பிக்கொண்டே தரையைத் தொட்டால் புரள்வது எளிது.

முன்னே ஓடுவது

சைக்ளிக்கை லேசாக முன்னே தள்ளுங்கள். முதல் சில அடிகளில் எந்திரம் கொஞ்சம் தாழும். சிறிது கலெக்டிவ் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். 16 முதல் 24 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கி.மீ.) வேகத்துக்குள் ஒரு நடுக்கம் வரும். ரோட்டர் தானே கிளப்பிய கலங்கிய காற்றைவிட்டுப் புதுக் காற்றுக்குள் நுழைகிற இடம் அது. தூக்குவிசை திடீரென்று கூடும், மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். புதியவர்களில் பெரும்பாலோர் இங்கே இலவசமாகக் கிடைத்த உயரத்தை வாங்கிக்கொள்வார்கள். வாங்கினால் நேராக நிழலுக்குள் போவீர்கள். சைக்ளிக்கை முன்னே பிடித்து, தாழ்வாகவே வைத்து வேகம் சேருங்கள். 45 நாட்டைத் தாண்டியதும் மூக்கை மெல்ல உயர்த்தி ஏறத் தொடங்கலாம். 60 நாட் அருகில் ஏற்றத்தை நிலைப்படுத்துங்கள்.

தாழ்வாக ஓடும்போது இன்ஜின் நின்றால் உயரம் இல்லை, ஆனால் வேகம் இருக்கிறது. நேரே பாருங்கள், திரும்ப நினைக்காதீர்கள். உயரம் இடம்கொடுக்கும் அளவுக்கு மட்டும் கலெக்டிவை இறக்கி, சைக்ளிக்கைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து வேகத்தைக் குறைத்து, எந்திரத்தைச் சமன்செய்து, கலெக்டிவால் மெத்தென்று அமர்த்தி, ஸ்கிட்டில் சறுக்கி நில்லுங்கள். பின்னுக்கு இழுப்பது அளவோடு இருக்கட்டும். தரைக்கு இவ்வளவு அருகில் மூக்கைத் தூக்கினால் முதலில் தரையைத் தொடுவது வால் ரோட்டர்தான்.

இன்ஜின் நிற்காமலேயே நின்றதுபோல ஆகும் ஒரு கேடும் இந்தக் கட்டத்தில் உண்டு. இன்ஜினால் தர முடிந்ததைவிட அதிகமாகக் கலெக்டிவை இழுத்தால் ரோட்டர் சுற்று குறையும். 97 சதவீதத்தில் எச்சரிக்கை ஹார்ன் அலறும். தரை நெருங்குகிறதே என்று கை இன்னும் மேலே இழுக்கத் துடிக்கும். இழுத்தால் முடிந்தது கதை. த்ராட்டிலை முறுக்கிக்கொண்டே கலெக்டிவை இறக்குவதுதான் மருந்து.

ஏறிக்கொண்டிருக்கும்போது

எட்டு அடிக்கு மேலே விதி மாறுகிறது. இங்கேதான் "உடனே கலெக்டிவ் கீழே". எவ்வளவு உடனே? சிறிய ஹெலிகாப்டர்களுக்கான அமெரிக்கச் சான்றிதழ் விதி, சீராகப் பறக்கும்போது இன்ஜின் நின்றபின் விமானியின் கை அசைய ஒரு வினாடி தாமதமாகலாம் என்று வைத்துக் கணக்கிடுகிறது. ஆர்22-இன் இலகுவான ரோட்டரில் அதைத் தாண்டி அதிகம் கடன் கேட்க முடியாது. ரோட்டர் சுற்று 80 சதவீதத்துக்குக் கீழே போனால் — ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் இன்னொரு சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள் — இறக்கைகள் பிடிப்பை இழந்துவிடும். அதிலிருந்து மீட்பு கிடையாது. முழுச் சக்தியோடு ஏறும்போது இறக்கைக் கோணம் அதிகம், சுற்று கரைவதும் வேகம்.

கலெக்டிவ் இறங்கும்போதே மூக்கு குனியப் பார்க்கும். சைக்ளிக்கைச் சற்றுப் பின்னே பிடித்து அதைத் தடுங்கள். அது ரோட்டருக்குச் சுற்றையும் சேர்த்துக் கொடுக்கும். சைக்ளிக்கைப் படக்கென்று முன்னே தள்ளுவது மட்டும் கூடவே கூடாது. ஆர்22 போன்ற இரண்டு இறக்கை ஊசலாடும் ரோட்டரில், எந்திரம் எடையிழந்த ஒரு கணத்தில் ரோட்டரின் மையப்பகுதி தண்டை இடித்து அறுத்துவிடக்கூடும்.

பிறகு 65 நாட் வேகம், 97 முதல் 110 சதவீதத்துக்குள் ரோட்டர். அதிக உயரம் இருந்தால் இடம் தேர்ந்தெடுக்கவும் காற்றை எதிர்த்துத் திரும்பவும் நேரம் கிடைக்கும். ஆர்22 மிக நன்றாக மிதந்து போனாலும் 1,500 அடிக்கு ஒரு கடல் மைல்தான். டேக்-ஆஃபுக்குப் பிந்தைய இருநூறு முந்நூறு அடியில் அந்த ஆடம்பரமெல்லாம் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் தெரிவதில் எது நல்லதோ அதுதான் உங்கள் இடம். புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப முயலாதீர்கள்.

சுமார் 40 அடியில் சைக்ளிக்கைப் பின்னே இழுத்து வேகத்தையும் இறக்கத்தையும் உடையுங்கள். சுமார் 8 அடியில் முன்னே கொடுத்துச் சமன்செய்யுங்கள். தொடுவதற்கு முன் கலெக்டிவை உயர்த்துங்கள். ஸ்கிட் நேராக இருக்கட்டும்.

வழியே இல்லாத இடங்களும் இரண்டு இன்ஜினும்

சுற்றிலும் மரம் நிற்கும் சின்ன மைதானத்தில் செங்குத்தாக ஏறுவதைத் தவிர வேறு வழி இருக்காது. அப்போது நிழலுக்குள் சில நொடிகள் இருக்கப்போகிறோம் என்று தெரிந்தே போகிறோம். எடையைக் குறைத்து, குளிர்ந்த நேரம் பார்த்து, அந்த நொடிகளைச் சுருக்கலாம்; ஒழிக்க முடியாது. மாணவர் தனியாக எடுக்க வேண்டிய முடிவு அல்ல அது.

இரண்டு இன்ஜின் எந்திரங்களில் கணக்கே வேறு. பாதையில் ஒரு முடிவுப் புள்ளி குறித்திருப்பார்கள். அதற்கு முன் ஓர் இன்ஜின் நின்றால் புறப்பட்ட தளத்திலேயே இறங்க வேண்டும். அதைத் தாண்டியபின் நின்றால் மற்ற இன்ஜினை நம்பித் தொடர வேண்டும். ஹெலிபேடிலிருந்து சில எந்திரங்கள் பின்னோக்கிச் சாய்வாக ஏறுவதைப் பார்த்திருக்கலாம். ஸ்டைலுக்காக அல்ல, முடிவுப் புள்ளிவரை ஹெலிபேட் விமானியின் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதற்காக.

பயிற்சியில் எச்சரிக்கை

அமெரிக்க விமானத்துறை 1995-இல் ராபின்சன் ஆர்22, ஆர்44 இரண்டுக்கும் தனி விதி கொண்டுவந்து, ஆட்டோரொட்டேஷன், ரோட்டர் சுற்று குறைவை அடையாளம் காண்பது, எடையிழந்த நிலையின் ஆபத்து ஆகியவற்றில் கூடுதல் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்தப் பயிற்சியின்போதே நேரும் விபத்துகளும் ஏராளம். ராபின்சன் நிறுவனமே அதற்கென ஒரு பாதுகாப்பு அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அதில் உள்ள ஒரு விதியை உங்கள் பயிற்றுநரோடு முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பயிற்சி ஆட்டோரொட்டேஷனில் தரையிலிருந்து 100 அடியைக் கடக்கும் முன் நான்கும் சரியாக இருக்க வேண்டும்: ரோட்டர் சுற்று பச்சைப் பகுதியின் நடுவில், வேகம் 60 முதல் 70 நாட்டுக்குள் நிலையாக, இறக்கம் வழக்கமான அளவில், அதாவது பொதுவாக நிமிடத்துக்கு 1,500 அடிக்குக் குறைவாக, திருப்பம் ஏதும் இருந்தால் முடிந்ததாக. ஒன்று தப்பினாலும் இன்ஜின் சக்தியைத் திரும்பக் கொடுத்து மேலே ஏறிவிடுங்கள், பயிற்றுநர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.